காதில் பென்சில் செருகியவர்கள்

கணக்கு ஆசிரியையாக இருப்பதன் முதல் சங்கடம், கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நம் தொழிலைக் கேட்டறிந்த மறுகணமே, தாம் படித்த காலத்தில் கணக்கில் எவ்வளவு மோசம் என்பதை ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிடுவதுதான். தமிழாசிரியரிடம் யாரும் ஒற்றுப்பிழைக்காக இப்படி மன்னிப்புக் கேட்பதில்லை. நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பரவாயில்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை" என்று ஆறுதல் சொல்வேன். நீங்களும் இத்தொழிலில் இருப்பவரானால் உங்கள் பிரியாணியும் பல முறை இப்படித்தான் ஆறிப்போயிருக்கும்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். கிள்ளானிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ரயிலில் போய் வருகிறேன். அங்கே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் போதிக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரே ஒரு புதிரைக் கொடுப்பது என் வழக்கம். அந்தப் பாடவேளையில் நடந்தவற்றையும், இவ்வாண்டு அது கைநழுவிப் போகவிருந்த கதையையும் இங்கே எழுதுகிறேன்.

வாயை மூடும் விதி

எல்லா வகுப்பிலும் ஒரு யுகேந்திரன் இருப்பான். என் வகுப்பில் அவன் பெயரே யுகேந்திரன். நான் ஒரு வாரமாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த புதிருக்கு அவன் அரை நிமிடத்தில் விடையைக் கண்டுபிடித்து, கேண்டின்வரை கேட்கும்படிக் கத்திவிடுவான். அந்தக் கணமே மற்றப் பிள்ளைகள் பென்சிலைக் கீழே போட்டுவிடுவார்கள். விடை வெளியே வந்தபின் யோசிப்பதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? எனக்கு மீதி முப்பத்தைந்து நிமிடம் இருக்கும். கையில் புதிர் இருக்காது.

ஆகவே ஒரு விதி செய்தேன். விடை தெரிந்தவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் வரிசையாக வரும்போது என் காதில் மட்டும் மெதுவாகச் சொல்லலாம். விடை சரியென்றால் பென்சில் காதிலேயே இருக்கும்; தவறென்றால் கைக்கு இறங்கிவிடும். திணறுகிற நண்பன் உதவி கேட்டால் விடையைச் சொல்லக்கூடாது, அவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்கலாம்.

இந்த விதியில் நான் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. மற்ற நாள்களில் பேசாமல் இருக்கிற பிள்ளையை எல்லாரும் தெரியாத பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் பேசாமல் இருப்பது மரியாதைக்குரிய காரியமாகிவிட்டது. முதல் நாள் இரண்டாவதாகப் பென்சில் செருகியது சன்னலோரத்து லோஷினி. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து என் வகுப்பில் தானாக ஒரு சொல்லும் பேசியிராத பிள்ளை. முதலாவதாகச் செருகிய யுகேந்திரனோ நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தான். என்னவென்று கேட்டேன்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா வயிறு வலிக்குது லா, டீச்சர்."

நான்காவது மாடி

ஒருவர் கீழ்த்தளத்தில் லிஃப்ட் ஏறுகிறார். ஐந்து மாடி மேலே போகிறார், இரண்டு மாடி இறங்குகிறார், பிறகு மூன்று மாடி ஏறுகிறார். இப்போது எந்த மாடியில் இருக்கிறார்? ஆறு என்பது விடை. கூட்டலையும் கழித்தலையும் மனத்தில் ஓடவிடுவதற்கான எளிய புதிர் என்று எண்ணிக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் பென்சில் செருகிவிட்டார்கள். சுற்றி வந்து கேட்டால், சிலர் ஆறு என்றார்கள், சிலர் ஏழு என்றார்கள், ஒருத்தி ஐந்து என்றாள். ஆறு சொன்னவர்களைத் தவிர எல்லாருடைய பென்சிலையும் இறக்கிவிட்டேன்.

யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு லிஃப்டின் பொத்தான்களை வரைந்து காட்டினார்கள். நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால், ஏழு சொன்னவர்களின் அடுக்குமாடிகளில் மூன்றுக்குப் பிறகு நேரே ஐந்துதான். ஆறு சொன்னவர்களில் சிலருக்கு நான்குக்குப் பதில் 'மூணு ஏ'. ஐந்து சொன்னவளின் கொண்டோ குடியிருப்பில் அந்த 'மூணு ஏ'வோடு, கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே 'எம்' என்று இன்னொரு தளமும் இருக்கிறது. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். மூன்று விடையும் சரி. இறக்கிய பென்சில்களை எல்லாம் மறுபடி காதில் ஏற்றச் சொன்னேன்.

கணக்குப்படி நான்காவது மாடி என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும் என விளக்கினேன். பழைய கட்டடங்களில் இன்னும் இருக்கிறது என்றும் சொன்னேன். அதற்குக் கொண்டோக்காரப் பெண், பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய கட்டடமொன்றின் நான்காவது மாடியில் குடியிருக்கும் என்னிடமே கேட்டாள்.

"நாலாவது மாடி வீட்டுக்கெல்லாம் யாரு டீச்சர் போவாங்க?"

புலி, ஆடு, புல்லுக்கட்டு

இது உங்களுக்கும் தெரிந்த பழைய புதிர்தான். ஒருவன் ஆற்றைக் கடக்க வேண்டும். கூடவே புலியும் ஆடும் புல்லுக்கட்டும் இருக்கின்றன. படகில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். வெண்பலகையில் ஆற்றை நீலத்திலும் புலியை மஞ்சளிலும் வரைந்திருந்தேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கிள்ளான் ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வருகிறவர்கள். பேருந்திலோ, அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலோ, பாலத்தின்மேல்தான் கடந்திருக்கிறார்கள். ஆற்றில் படகு போய் அவர்கள் பார்த்ததில்லை. பத்து நிமிடம் ஒரு பென்சிலும் காதுக்கு ஏறவில்லை. படகுக்காரன் முதலில் ஆட்டை அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்புவதிலிருந்து தொடங்கலாம் என்று நானே கோடி காட்டினேன். யுகேந்திரன் கையைத் தூக்கினான். விடையைக் கத்தப்போகிறானோ என்று தடுக்கப் பார்த்தேன். அவன் கத்தியது விடையில்லை.

"டீச்சர், மூணாவது பாலத்துல போனா ஜாமே இருக்காது! புலிய ஏத்துற லோரிக்கு மட்டும் பெர்மிட் எடுத்துட்டாப் போதும்!"

மூன்று ரொட்டி

ரொட்டிக்கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு ரொட்டிதான் போட முடியும். ஒரு பக்கம் வேக ஒரு நிமிடம். மூன்று ரொட்டி சானாயை இரு பக்கமும் சுட்டு முடிக்க, குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டைச் சுட்டுவிட்டு மூன்றாவதைத் தனியே சுட்டால் நான்கு நிமிடம். ஆனால் முதல் நிமிடத்துக்குப் பிறகு ஒன்றைத் திருப்பிப் போட்டு, மற்றதைப் பாதி வெந்த நிலையில் எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்றாவதைப் போட்டால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கல்லில் ஒரு கணமும் காலி இடம் இருக்காது.

காகித வட்டங்களை வைத்தே இதை முடித்திருக்கலாம். ஆசை விடவில்லை, வகுப்பைக் கேண்டினுக்கு அழைத்துப் போனேன். கேண்டின் நடத்தும் விமலா அக்கா கல்லை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, நான் சொன்ன வரிசைப்படியே ரொட்டியைப் போட்டு எடுத்தார். யுகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் கூவினான். மூன்றாவது நிமிடத்தில் மூன்று ரொட்டியும் தட்டில் இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஓரளவு பெருமையோடு அக்காவைப் பார்த்தேன்.

"கணக்கு சரிதான் டீச்சர். ஆனா பாதி வெந்தத எடுத்து வெச்சா, உங்க பிள்ளைங்க திருப்பிப் போடுறவரைக்கும் அதை விட்டு வைக்க மாட்டாங்க."

காலையில் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னவர்

அடுத்த வாரம் தலைமையாசிரியை என்னை அழைத்தார். இவ்வாண்டுதான் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர். கடுமையானவர் அல்லர், ஆனால் பெற்றோர் சொல்வதைத் தட்டமாட்டார். அறையில் லோஷினியின் அப்பா சற்குணன் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கொள்கலன் லோரிகளை நேரம் பார்த்து அனுப்புவது அவர் வேலை. பேசும்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்," என்று தொடங்கினார். நாமெல்லாம் இந்தத் தொடக்கத்தை அறிந்தவர்கள்தாம். "வீட்டுல நான் ஏழாம் வாய்ப்பாடு கேட்டா, வாயே திறக்க மாட்டேங்கிறா. சும்மா என்னையே பாக்குறா. சரி, பள்ளியில என்னாதான் நடக்குதுன்னு கேட்டா, ரொட்டி சுட்டோம்ங்கிறா! இன்னும் ரெண்டு வருசத்துல இடைநிலைப் பள்ளிக்குப் போற பிள்ளை. அங்க போய் ரொட்டியா சுடப்போறா?" வெள்ளிக்கிழமைப் பாடவேளையில் பயிற்சித்தாள் கொடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்.

அவர் கோபத்தில் பொய் இல்லை. பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்ற பயம்தான் அது. வகுப்பில் லோஷினி விடை கண்டுபிடிக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். எந்த டீச்சரும் இப்படித்தான் சொல்வார் என்பதுபோலத் தலையசைத்தார். தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். பெற்றோர் நாளன்று ஐந்தாம் ஆண்டுப் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரு புதிர் வகுப்பு நடத்த வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சற்குணன் ஒரு முடிவு சொல்லட்டும். மற்றப் பெற்றோரும் அவர் பக்கமே பேசினால், வெள்ளிக்கிழமை பயிற்சித்தாளுக்குப் போய்விடும். சற்குணன் எழுந்துகொண்டார்.

"கண்டிப்பா வர்றேன் டீச்சர். என்னைய ரொட்டி மட்டும் சுடச் சொல்லாதீங்க, நான் காலையிலயே சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

முன் சக்கரம்

பெற்றோர் நாளுக்குமுன் வந்த வெள்ளிக்கிழமையில் கொடுத்தது வாகனப் புதிர். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரும் மோட்டாருமாகப் பத்து வண்டிகள். மொத்தம் இருபத்தெட்டுச் சக்கரங்கள். கார் எத்தனை? பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து கார், ஐந்து மோட்டார் என்று ஊகித்துத் தொடங்கி, கூட்டிப் பார்த்து, அழித்து, மறுபடி ஊகித்தார்கள். அதுவும் நல்ல வழிதான். லோஷினியின் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சில் காதில் இருந்தது.

குனிந்தேன். "நாலு கார்," என்றாள். எப்படி என்று கேட்டேன். ஊகித்துப் பார்த்தேன் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ராத்திரியில் நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு மோட்டார் ஓட்டுகிற இளைஞர்களை நம் ஊரில் 'மாட் ரெம்பிட்' என்போம். அவள் எல்லாக் கார்களையும் அப்படி முன் சக்கரத்தைத் தூக்க வைத்துவிட்டாள்! இப்போது பத்து வண்டியும் இரண்டிரண்டு சக்கரத்தில் நிற்கின்றன, தரையில் இருபது. மீதி எட்டும் ஆகாயத்தில். ஒரு காருக்கு இரண்டு வீதம் நான்கு கார். இதே கணக்கை நான் பல ஆண்டுகளாகச் சமன்பாடாகத்தான் எழுதிக் காட்டி வந்திருக்கிறேன்; அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அந்த நாற்பது நிமிடம் பறிபோனால் என் பாடத்திட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் தனக்குத் தெரியும் என்பதை இந்தப் பிள்ளை வாரத்தில் ஒருமுறை வெளியே காட்டிக்கொள்வது அந்த நாற்பது நிமிடத்தில்தான். பெற்றோர் நாள்வரை காத்திருப்பானேன், இன்றைக்கே வீட்டில் அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டலாமே என்றேன். அவள் மிரண்டு போனாள்.

"ஐயோ டீச்சர், மாட் ரெம்பிட்னு சொன்னாலே எங்க அப்பா கத்துவாரு. அவரு அனுப்புற லோரிக்குக் குறுக்க வர்றதே அவனுங்கதான்!"

குச்சி வாங்கப் போனது

பெற்றோருக்கு எந்தப் புதிரைக் கொடுப்பது என்று நிறைய யோசித்தேன். எண்கள் உள்ள எதுவும் வேண்டாம். எண்ணைக் கண்டதும் பெரியவர்கள் பள்ளிக்கூட நினைவில் முகம் சுருங்கிவிடுவார்கள். கடைசியில் குச்சிப் புதிரைத் தேர்ந்தேன். ஒரே அளவான ஆறு குச்சிகளைக் கொண்டு ஒரே அளவான நான்கு முக்கோணங்களை அமைக்க வேண்டும். குச்சியை ஒடிக்கக்கூடாது. தீக்குச்சியைப் பள்ளிக்குள் கொண்டுபோக முடியாதாகையால், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான சாமான் கடை ஒன்றில் ஐஸ்கிரீம் குச்சி கேட்டேன்.

"ஐஸ்கிரீம் கடை போடுறீங்களாக்கா?" என்று கடைக்கார பாய் விசாரித்தார். இல்லை, கணக்கு வகுப்புக்கு என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளக்கினேன். அது என் பிழை. ஆறு குச்சியை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பரப்பிக்கொண்டார். ஒரு முக்கோணம் வந்தது, இரண்டு வந்தது. "இருங்கக்கா, வந்துரும்," என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் பையை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாலும், "விடையச் சொல்லிராதீங்க!" என்று என்னையும் நிறுத்தி வைத்துவிட்டார். வரிசையில் மூன்றாவதாக நின்ற அம்மாள் பொறுமையிழந்து குரல் கொடுத்தார்.

"பாய், அந்தக் குச்சிய ஓரமா வெச்சிட்டு எங்களக் கொஞ்சம் பாருங்க, வெளிய நான் இன்னொருத்தர் காரை மறிச்சு நிறுத்திட்டு வந்திருக்கேன்!"

பெற்றோர் நாள்

சனிக்கிழமை காலை. ஐந்தாம் ஆண்டு மேசைகளில் பிள்ளைகளும் பெற்றோரும் அருகருகே உட்கார்ந்தார்கள். அப்பாக்களின் முழங்கால்கள் மேசையில் இடித்தன. ஒவ்வொருவருக்கும் ஆறு குச்சி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பிளாஸ்டிசின் களிமண். விதி பெரியவர்களுக்கும் அதே விதிதான், பென்சிலும் கொடுத்திருந்தேன். தலைமையாசிரியை பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

விடையை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. குச்சிகளை மேசையில் படுக்க வைத்தால் எத்தனை மணி நேரம் முயன்றாலும் வராது. மூன்று குச்சியால் கீழே ஒரு முக்கோணம் அமைத்து, மற்ற மூன்றையும் அதன் மூலைகளிலிருந்து தூக்கி உச்சியில் ஒன்றுசேர்க்க வேண்டும். கூடாரம்போல் எழுந்து நிற்கும். அடியில் ஒன்று, பக்கங்களில் மூன்று. ஆக நான்கு முக்கோணம். பெற்றோர் அத்தனை பேரும் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாயார் ஒரேயொரு குச்சியை மட்டும் ஒடிக்க அனுமதி கேட்டார். லோஷினி குச்சிகளைத் தொடவில்லை. சற்று நேரம் அவற்றையே பார்த்தாள். பென்சில் காதுக்குப் போயிற்று. நான் குனிந்ததும், "நிக்க வைக்கணும்," என்று என் காதில் சொன்னாள். தலையசைத்துவிட்டு நகர்ந்தேன்.

சற்குணன் அப்போது தம் குச்சிகளை நான்காவது முறையாகக் கலைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னா சும்மா உக்காந்திருக்க? செய்!" என்றார். "தெரியலன்னா டீச்சர்கிட்ட கேளு. வாயத் தொற!" குரல் உயர்ந்தது. லோஷினியின் கண்கள் நிறைந்தன. வாய் மட்டும் திறக்கவில்லை. நான் விதியைத் தளர்த்திவிடலாமா என்று ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து யுகேந்திரன் எழுந்து நின்றான்.

"அங்கிள், அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க இங்க பேசக்கூடாது."

ஒரு கேள்வி

சற்குணன் திரும்பி மகளின் காதைப் பார்த்தார். பிறகு வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். பென்சில் செருகியவர்கள் அதற்குள் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவரும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், "அப்ப நான் உதவி கேட்டா அவ ஒண்ணும் சொல்லக்கூடாதா டீச்சர்?" என்றார். ஒரு கேள்வி கேட்கலாம் என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேள்வியைத் தேர்ந்தெடுக்கத் தேவையான நேரத்தை எடுத்துக்கொண்டாள். "அப்பா, மேசையில படுக்க வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்களா?"

நல்ல கேள்வி. நான் கேட்டிருந்தால் இதைவிட நீளமாகக் கேட்டிருப்பேன். அவர் குச்சிகளை மேசையிலிருந்து எடுத்துத் தம் தொடைமேல் படுக்க வைத்துப் பார்த்தார். மணி அடித்துவிட்டது. பெற்றோர் சிலர் சிரித்துக்கொண்டும், சிலர் முனகிக்கொண்டும் எழுந்தார்கள். ஒருவர்கூடப் பயிற்சித்தாளைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் விடையைத்தான் கேட்டார்கள். தலைமையாசிரியை முன்னால் வந்து, வெள்ளிக்கிழமையைப் பற்றி என்ன முடிவு என்று சற்குணனிடம் கேட்டார். அவர் ஆறு குச்சிகளையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிசினையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டார்.

"இத முடிக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம்."

காது

ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் சற்குணனிடமிருந்து ஒரு படம் வந்தது. துறைமுக அலுவலக மேசை. பின்னால் சன்னல் வழியே கொள்கலன்களின் அடுக்கு. முன்னால் ஆறு ஐஸ்கிரீம் குச்சிகள் கூடாரமாய் எழுந்து நின்றன. படத்தோடு எழுத்து ஒன்றும் இல்லை. மற்றப் பெற்றோர் உடனே, "விடையைப் போட்டுவிட்டீர்களே!" என்று அவரைக் கண்டித்தார்கள். படத்தை அவர் அழித்தார். அதற்குள் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னை வராந்தாவில் நிறுத்தினார். சற்குணன் காலையிலேயே தொலைபேசியில் பேசிவிட்டாராம். வெள்ளிக்கிழமை எனக்கே இருக்கட்டும், மகளும் இங்கேயே படிக்கட்டும் என்றாராம். தலைமையாசிரியையின் சார்பில் ஒரே நிபந்தனை: கேண்டின் கல்லைத் தொடக்கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். அன்றைய பாடம் பின்னம். புத்தகம், பயிற்சி, வழக்கமான வகுப்பு. மூன்றாவது கணக்கை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். லோஷினி பென்சிலைக் காதில் செருகியிருந்தாள். திங்கட்கிழமைக்கு அப்படியொரு விதி இல்லை. ஆனாலும் போய்க் குனிந்தேன். விடை சரியாக இருந்தது. அடுத்த கணக்குக்குள் இன்னும் நான்கு பேர் செருகிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு பள்ளி வாசலில் மகளை ஏற்றிக்கொள்ள வந்த சற்குணனைப் பார்த்தேன். இப்போதாவது ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறாளா என்று விசாரித்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"இன்னும் சட்டுனு வாயத் திறக்கிறதில்ல டீச்சர். ஆனா இப்பல்லாம் நான் கேட்டுட்டு அவ வாயப் பாக்கிறதில்ல, காதைத்தான் பாக்குறேன்."

இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பதில் சொல்லவைப்பதற்குச் சம்பளம் வாங்கிவந்த நான், பெரியவர்களைப் பதில் வரும்வரை பேசாமல் இருக்கவைத்த அந்த ஒரு சனிக்கிழமையைத்தான் என் தொழிலின் உருப்படியான சாதனையாகக் கருத வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டதோ ஆறு ஐஸ்கிரீம் குச்சியும் ஒரு பென்சிலும்தான்.